ஆறாம் நம்பர் கூண்டு

பாண்டிச்செல்விக்கு எலி வளை பார்க்கத் தெரியும். ரேணுகாதேவிக்கு அழகாக எழுதத் தெரியும்.

இரண்டில் எது பெரிது என்று பாண்டிச்செல்வியைக் கேட்டால், யோசிக்காமல் எலி வளைதான் என்பாள். அழகாக எழுத ஆறாம் வகுப்பில் நாலு பேருக்குத் தெரியும். வரப்பில் நடந்துகொண்டே, "இந்த வளையில ஆள் இருக்கு, அந்த வளை காலி" என்று சொல்ல அவள் ஒருத்தியால்தான் முடியும். ஆனால் பாவம், அவளை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை.

நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அவர்கள் ஊர். ஊருக்கு நடுவே ஓர் ஓடை. ஓடைக்கு மேற்கே கறுப்புக் கரிசல் மண், கிழக்கே சிவப்புச் செவல் மண். இதை ஓர் அதிசயம் என்று ஊரில் ஒருவரும் நினைத்ததில்லை. மாசி மாதத்தில் ஒருநாள் சுந்தரேஸ்வரி அக்கா ஸ்கூட்டரில் வந்து இறங்கி, "அடேயப்பா, என்ன அருமையான ஓடை!" என்று சொன்ன பிறகுதான் எல்லாரும் அதைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்காவுக்குச் சொந்த ஊர் மணியாச்சி. கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறார். தலைமையாசிரியர் வன்னியபெருமாள் சார் அவரை ஆறாம் வகுப்புக்கு அழைத்து வந்தார்.

"இவிய சுண்டெலியப் பத்தி ஆராய்ச்சி பண்ணுதாவ. நீங்க எல்லாரும் உதவி செய்யணும்" என்றார் சார்.

வகுப்பே சிரித்தது. எலியை விரட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறார்கள். எலிக்காக ஸ்கூட்டரில் வருகிறவரை இப்போதுதான் பார்க்கிறார்கள்.

"சிரிங்க, சிரிங்க" என்றார் அக்கா. "மேக்க கரிசல்ல ஒரு வகைச் சுண்டெலி இருக்கு. கிழக்க செவல்ல இன்னொரு வகை. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா உங்களுக்கும் வித்தியாசம் தெரியாது, எனக்கும் தெரியாது. உள்ளதான் வித்தியாசம்."

"உள்ளன்னா வயித்துக்குள்ளயா அக்கா?" என்று கேட்டான் காளீஸ்வரன். அவனுக்கு எப்போதும் வயிற்று நினைப்புதான்.

அக்கா பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து, குச்சிகளை மேசையில் கொட்டினார்.

"எலி உடம்பு, நம்ம உடம்பு எல்லாமே கண்ணுக்குத் தெரியாத செல்லால ஆனது. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் நூல் நூலா குரோமோசோம் இருக்கு. இந்த எலி எப்படி வளரணும், எப்படி இருக்கணும்ங்கிற விவரமெல்லாம் அதுலதான் இருக்கு. கரிசல் எலிக்கு நாப்பது நூல்." நாற்பது குச்சிகளை எண்ணி அடுக்கினார். பிறகு இரண்டு குச்சிகளை எடுத்து, முனையோடு முனை வைத்துப் பசை தடவி ஒட்டினார். இன்னும் இரண்டை எடுத்து அதேபோல ஒட்டினார். "செவல் எலிக்கு இந்த மாதிரி. இப்ப எத்தனை?"

"முப்பத்தெட்டு!" என்றது வகுப்பு.

"குச்சி ஒண்ணும் தொலையல. ஒட்டிக்கிட்டதால எண்ணிக்கை மட்டும் குறைஞ்சிருக்கு. சரி, கரிசல் எலியும் செவல் எலியும் ஓடைக்கரையில சந்திச்சுக் கல்யாணம் கட்டிக்கிடுதுன்னு வைங்க. குட்டிக்கு அம்மாகிட்ட இருந்து பாதி, அப்பாகிட்ட இருந்து பாதி. அப்போ குட்டிக்கு எத்தனை?"

பாண்டிச்செல்வி எழுந்தே நின்றுவிட்டாள். "இருபதும் பத்தொம்போதும்... முப்பத்தொம்போது!"

"சரியாச் சொன்ன!" என்ற அக்கா, அடுத்த நொடியே திரும்பி, "உன் நோட்டைப் பாத்தேன்மா, எழுத்து அருமையா இருக்கு. அந்த நம்பரைப் போர்டுல எழுது" என்று ரேணுகாதேவியிடம் சாக்பீசை நீட்டினார்.

ரேணுகாதேவி எழுதினாள். அந்த 39 கோயில் சுவரில் எழுதியதுபோல அத்தனை லட்சணமாக இருந்தது. எல்லாரும் பலகையையே பார்த்தார்கள். விடையைச் சொன்னவளை ஒருவரும் பார்க்கவில்லை. பாண்டிச்செல்விக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாக வயிற்றுக்குள் ஏதோ புகைந்தது.

"இந்த முப்பத்தொம்போது எங்கெங்க இருக்கு? ஓடைக்கரையில மட்டுமா, இல்ல வயலுக்கு உள்ளயும் இருக்கா? அதுக்குக் குட்டி பிறக்குமா? இதையெல்லாம்தான் நான் கண்டுபிடிக்கணும்" என்றார் அக்கா.

மறுநாளே வேலை ஆரம்பமானது. அக்காவிடம் இருபது தகரக் கூண்டுகள் இருந்தன. எல்லாம் ஒரே அச்சு. ஒவ்வொரு கூண்டிலும் நூலால் ஓர் அட்டை கட்டியிருக்கும். கூண்டின் நம்பர், வைத்த இடம், வைத்தவர் பெயர் எல்லாம் அட்டையில் இருக்கும். சாயங்காலம் கூண்டை வைத்துவிட்டு வரவேண்டும். காலையில் எடுத்து வரவேண்டும். எலியைப் பிள்ளைகள் தொடக்கூடாது. அக்கா கையுறை போட்டு, எலியின் காதோரத்தில் கடுகளவு தோலை எடுத்துச் சீசாவில் போட்டுக்கொள்வார். பிறகு எந்த இடத்தில் பிடித்தார்களோ அதே இடத்தில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும்.

"முதல் முப்பத்தொம்போது யார் கூண்டுல விழுதோ, அவிய என்கூட கோவில்பட்டிக்கு வந்து மைக்ராஸ்கோப்புல அந்த நூலைப் பாக்கலாம். ஸ்கூட்டர்ல பின்னால ஒரு ஆள்தான். அதனால ஒருத்தருக்குத்தான் இடம்" என்றார் அக்கா.

பாண்டிச்செல்வி அந்தப் பின் சீட்டைப் பார்த்தாள். ஏற்கெனவே அதில் ஏறி உட்கார்ந்துவிட்டதுபோலவே இருந்தது அவளுக்கு.

ஆனால் நடந்தது வேறு. அட்டைகளை எல்லாம் எழுதும் வேலை ரேணுகாதேவிக்கு. பதிவேடும் அவளிடம்தான். வேர்க்கடலை இரை வைக்கும் வேலை காளீஸ்வரனுக்கு. கூண்டுக்கு மூன்று கடலை என்றால் அவன் வாய்க்கு ஆறு. வளைகளைக் காட்டும் வேலை பாண்டிச்செல்விக்கு. அதற்கு அட்டையும் கிடையாது, பதிவேடும் கிடையாது. "இங்கன வை", "அங்கன வை" என்று அவள் விரலை நீட்டுவாள். மற்றவர்கள் கூண்டை வைத்துவிட்டு, தாங்களே வளையைக் கண்டுபிடித்ததுபோல நடந்துவிடுவார்கள்.

இடம் பிரித்ததிலும் அநியாயம். "நீ நல்லா நடப்ப. அதனால தூரத்துக் கூண்டு உனக்கு" என்று சொல்லி, பதினாலாம் நம்பரை அவளுக்குக் கொடுத்தார் அக்கா. அது கரிசலுக்கு உள்ளே, ஒரு மைல் தள்ளி, அவளுடைய அப்பாவின் பருத்திக் காட்டில். ரேணுகாதேவிக்கு முள் என்றால் பயம். அதனால் பக்கத்தில் இருந்த ஆறாம் நம்பர் அவளுக்கு. கரிசலும் செவலும் தொட்டுக்கொள்கிற ஓடைக்கரையில்! முப்பத்தொன்பது விழுந்தால் அங்கேதானே விழும்?

"நல்லா நடக்கிறது ஒரு குத்தமா?" என்று அன்றைக்குச் சாயங்காலம் பாண்டிச்செல்வி ஆட்டுக்குட்டியிடம் கேட்டாள். அது அவளுடைய பாவாடை நுனியைத் தின்னப் பார்த்தது.

"தனியா யாரு கூடட்டி பேசுத?" என்று அம்மா வெயிலுகந்தம்மாள் உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. இந்த ரேணுகாவுக்கு மட்டும் எல்லாம் உக்காந்த இடத்துலயே கிடைக்கு."

"அவளுக்குக் கிடைச்சா உனக்கென்ன? தண்ணியக் காட்டு ஆட்டுக்கு."

உனக்கென்ன என்று சொல்லிவிடுவது சுலபம். எரிகிற வயிறு அம்மாவுடையது இல்லையே.

நாலாம் நாள் காலை. பாண்டிச்செல்வி தன் கூண்டைச் சுமந்து வந்து பள்ளி வேப்பமரத்தடியில் வைத்தாள். கதவு மூடியிருந்தது. உள்ளே சரசரவென்று சத்தம். கரிசலுக்குள் பிடித்த எலி. எண்ணினால் நாற்பது இருக்கும். அதில் என்ன இருக்கிறது பார்க்க?

ரேணுகாதேவியும் வந்தாள். ஆறாம் நம்பர் கூண்டின் கதவும் மூடியிருந்தது. அதற்குள்ளும் சரசர.

"ஏட்டி, எனக்கும் விழுந்திருக்கு! நீ காட்டுன இடம்தான்!" என்று துள்ளினாள் ரேணுகாதேவி. "கொஞ்சம் பாத்துக்கோ. பதிவேட்டை எடுத்துட்டு வாரேன்" என்று வகுப்புக்குள் ஓடினாள்.

மரத்தடியில் யாரும் இல்லை. இரண்டு கூண்டும் பக்கத்துப் பக்கத்தில். ஒரே அச்சு.

நான் காட்டிய வளை, நான் காட்டிய கரை. பெயர் மட்டும் அவளுடையதா? பாண்டிச்செல்வியின் விரல்கள் அவளைக் கேட்காமலேயே வேலை செய்தன. ஆறாம் நம்பர் அட்டையை அவிழ்த்துத் தன் கூண்டில் கட்டினாள். பதினாலாம் நம்பர் அட்டையை அந்தக் கூண்டில் கட்டினாள். ரேணுகாதேவி திரும்பி வந்தபோது அவள் வேப்பங்கிளையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுந்தரேஸ்வரி அக்கா கையுறை மாட்டிக்கொண்டு, பதினாலு என்று அட்டை தொங்கிய கூண்டை முதலில் திறந்தார். எலியைத் துணிப்பைக்குள் விட்டு, மெதுவாகப் பிடித்து வயிற்றுப் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"அய்யோ, இது குட்டி போட்ட தாய். பால் கட்டிப்போய் இருக்கு. வளைக்குள்ள குட்டி கிடக்கும். கண்ணுகூடத் திறந்திருக்காது." அவர் கை வேகமாக வேலை செய்தது. காதோரத்தில் கடுகளவு எடுத்துச் சீசாவில் போட்டார். எலியைக் கூண்டுக்குள் விட்டார். "மத்ததெல்லாம் அப்புறம். இவளை முதல்ல வீட்டுல விடணும். பாண்டிச்செல்வி, உன் இடம்தானே? வழியக் காட்டு. ரேணுகா, பதிவேட்டோட வா."

மூவரும் நடந்தார்கள். பாண்டிச்செல்வி முன்னால். அவள் கால்கள் பருத்திக் காட்டை நோக்கிப் போயின. மனசு மட்டும் ஓடைக்கரையிலேயே நின்றது.

ஆடு மேய்ச்சலுக்குப் போய்விட்டால், கட்டிப்போட்ட குட்டி சாயங்காலம் வரைக்கும் கத்திக்கொண்டே இருக்கும். அது அவளுக்குத் தெரியும். சுண்டெலிக் குட்டி கத்துமா? கத்தினாலும் யாருக்குக் கேட்கும்?

'இப்போ சொன்னா ஸ்கூட்டர் போச்சு. மானமும் போச்சு' என்று ஒரு நினைப்பு. 'எலிதானே, எப்படியாவது ஓடைக்குப் போய்ச் சேர்ந்துரும்' என்று இன்னொரு நினைப்பு. ஒரு மைல் தூரம். கடலைக்காய் அளவு உடம்பு. நடுவில் காக்கையும் பாம்பும். எப்படிப் போய்ச் சேரும்?

பருத்திக் காடு வந்தது. பஞ்சு வெடித்துக் காடே வெள்ளையாக இருந்தது. அக்கா மண்டியிட்டு, கூண்டின் கதவில் கை வைத்தார்.

"அக்கா, திறக்காதீங்க!"

அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"இது இந்த இடத்து எலி இல்லக்கா. இது... இது ஆறாம் நம்பர் எலி. நான்தான் அட்டைய மாத்திக் கட்டினேன்."

ரேணுகாதேவியின் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

அக்கா திட்டவில்லை. "நெசமா ஓடைக்கரையா?" என்று மட்டும் கேட்டார்.

"நெசமா அக்கா."

"அப்போ ஓடு. இந்த வெடிப்புல என்னால ஓட முடியாது. கூண்டை ஆட்டாம ஓடத் தெரியுமா உனக்கு?"

கூண்டு அவள் கைக்கு வந்தது. ஏமாற்றியவளிடமே கொடுக்கிறாரே என்று பாண்டிச்செல்விக்கு அழுகை முட்டியது. ஆனால் அழ நேரமில்லை. கரிசல் வெடிப்புகளைத் தாண்டித் தாண்டி ஓடினாள். பின்னாலேயே ரேணுகாதேவியும் ஓடி வந்தாள். முள்ளுக்குப் பயப்படுகிறவள், முள்ளைப் பார்க்காமல் ஓடி வந்தாள்.

ஓடைக்கரையில் இருவரும் மூச்சு வாங்க நின்றார்கள். கரையோரம் ஐந்து வளைகள் இருந்தன.

"எந்த வளை?" என்று கேட்டாள் பாண்டிச்செல்வி.

"எனக்கு எப்படித் தெரியும்? நீ காட்டுன இடத்துல நடுவுல கூண்டை வச்சேன்" என்று வெடுக்கென்று சொன்னாள் ரேணுகாதேவி.

பாண்டிச்செல்வி மண்ணில் படுத்து ஒவ்வொரு வளையாகப் பார்த்தாள். முதல் வளையின் வாயில் சிலந்தி வலை. காலி. அடுத்த இரண்டிலும் பழைய, காய்ந்த மண். காலி. நாலாவது வளையில் புதிதாகத் தள்ளிய மண் இருந்தது. அங்கே ஆள் இருக்கிறது, ஆனால் தாய்தானா? ஐந்தாவது வளையின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு பிசிறு ஒட்டியிருந்தது.

"இதுதான்!"

"எப்படிச் சொல்லுத?"

"பஞ்சு இழுத்திருக்கு பாரு. குட்டி போடுற எலிதான் மெத்தைக்குப் பஞ்சு இழுக்கும். பஞ்சு இழுத்த வளை குட்டி வளை."

கூண்டை வளைக்கு முன்னால் வைத்துக் கதவைத் திறந்தாள். எலி மூக்கை நீட்டியது. இரண்டு பக்கமும் மோந்து பார்த்தது. பிறகு இத்தனை நேரம் தன்னை ஊர் சுற்றிக் காட்டியவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஐந்தாவது வளைக்குள் சரேலென்று போய்விட்டது. சற்று நேரத்தில் உள்ளேயிருந்து மண் தள்ளி வளையின் வாய் அடைபட்டது.

"கதவைச் சாத்திக்கிட்டா" என்றாள் பாண்டிச்செல்வி.

ரேணுகாதேவி சிரிக்கவில்லை. "எதுக்குட்டி மாத்தின?"

"பொறாமை" என்றாள் பாண்டிச்செல்வி. வேறு என்ன சொல்ல? "உன் எழுத்த எல்லாரும் பாக்காவ. என் வளைய யாரும் பாக்கல. அந்த ஸ்கூட்டர்ல நீ போயிருவியோன்னு இருந்துச்சு."

"என்கிட்ட கேட்டிருந்தா கூண்டையே மாத்திக் குடுத்திருப்பேன். திருடிட்டியே." ரேணுகாதேவி பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். அன்றைக்கும் மறுநாளும் அவள் பாண்டிச்செல்வியிடம் பேசவில்லை.

அக்கா பேசினார், கொஞ்சமாக. "சீசாவுல நம்பரைத் திருத்திட்டேன். உன் கூண்டு எலியப் பருத்திக் காட்டுலயே விட்டாச்சு. இல்லேன்னா, ஓடைக்கரை எலியக் கரிசல் எலின்னு நம்பி ஒரு வருசம் வீணா அலைஞ்சிருப்பேன். இனிமே அட்டையத் தொடாத. வளைய மட்டும் காட்டு."

அவள் வளையை மட்டும் காட்டினாள். மூன்றாம் நாள், ரேணுகாதேவி ஒரு கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்து, எங்கேயோ பார்த்தபடி, "இதை எங்கன வைக்க?" என்று கேட்டாள். பாண்டிச்செல்வி ஊரிலேயே நல்ல வளையாகத் தேடிக் காட்டினாள்.

மூன்று வாரம் கழித்து, சுந்தரேஸ்வரி அக்கா கோவில்பட்டியிலிருந்து வந்தார். ஸ்கூட்டரை நிறுத்தும் முன்பே கத்தினார்.

"முப்பத்தொம்போது! ஆறாம் நம்பர்! அதுவும் குட்டி போட்ட தாய்! முப்பத்தொம்போதுக்குக் குட்டி பிறக்கும்னு தெரிஞ்சு போச்சு!"

வகுப்பே கைதட்டியது. பாண்டிச்செல்வியும் தட்டினாள். சனிக்கிழமை காலையில் ரேணுகாதேவி புதுப் பாவாடை கட்டி, தலையில் ஹெல்மெட்டோடு அந்தப் பின் சீட்டில் உட்கார்ந்தாள். ஸ்கூட்டர் கிளம்பியது. புழுதி அடங்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள் பாண்டிச்செல்வி. பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. அன்று முழுக்க அவள் யார் கேட்டாலும் "ம்" என்று மட்டும்தான் பதில் சொன்னாள்.

சாயங்காலம் அவள் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது ஸ்கூட்டர் அவள் வீட்டு முன்னாலேயே வந்து நின்றது. ரேணுகாதேவி குதித்து இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட இல்லை.

"பாத்தியா?" என்று கேட்டாள் பாண்டிச்செல்வி. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பாத்தேன். கறுப்புக் கறுப்பா, குட்டிப் புழு மாதிரி இருந்துச்சு. எண்ணச் சொன்னாவ. முதல்ல முப்பத்தேழு வந்துச்சு, அப்புறம் நாப்பத்தொண்ணு. ஒட்டிக்கிட்டது மட்டும் நீளமா தனியாத் தெரியும்."

"வேற?"

ரேணுகாதேவியின் முகம் சுருங்கியது. "அங்கன அக்காவோட பெரிய சார் இருந்தாவ. குட்டி வளைய எப்படிம்மா கண்டுபிடிச்சன்னு என்கிட்ட கேட்டாவ. எனக்கு ஒண்ணும் தெரியல. பஞ்சு இழுத்த வளை, அது பாண்டிச்செல்விக்குத்தான் தெரியும்னு சொன்னேன். அவ்வளவுதான். அதுக்கப்புறம் எல்லாரும் உன்னப் பத்தியே பேசுதாவ. அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு, அந்தப் பிள்ளை வேற என்ன சொல்லுவான்னு. நான் பக்கத்துலயேதான் நிக்கேன், ஒருத்தரும் என்னப் பாக்கல. பெரிய சார் அடுத்த சனிக்கிழமை உன்னப் பாக்க இங்க வாராவளாம்."

"நெசமாவா அக்கா?"

"நெசமாத்தான். நாலு பேர் வாராங்க. உன் பின்னால வரப்புல நடக்கணுமாம்" என்றார் சுந்தரேஸ்வரி அக்கா.

ரேணுகாதேவி ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பெருமூச்சு விட்டாள். "எனக்கு நல்லா பொறாமையா இருந்துச்சுட்டி" என்றாள்.

பாண்டிச்செல்வியின் கையிலிருந்த வாளி அப்படியே நின்றது.

"என்ன சொன்ன?"

"உன்மேல பொறாமையா இருந்துச்சுன்னு சொன்னேன்."

"இன்னொரு தடவை சொல்லு."

ரேணுகாதேவி முறைத்தாள். பிறகு, போனால் போகிறது என்று, இன்னொரு தடவையும் சொன்னாள்.